மிடியும் கமகமும்

'மிடி' என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் வறுமை என்று பொருள். மின்னணு இசைக்கருவிகள் தமக்குள் பேசிக்கொள்வதற்காக 1983-ல் உருவான பொதுமொழிக்கும் தமிழில் அதே உச்சரிப்பு வாய்த்தது தற்செயல்தான். ஆனால் நம் இசையின் பக்கம் நின்று பார்க்கும்போது அந்தத் தற்செயலில் ஒரு பொருத்தம் இருப்பதாகவே தோன்றுகிறது.

அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் ஜப்பானியரான இக்குதாரோ ககேஹாஷியும் முன்னின்று வடித்த மொழி இது. இதன் வழியே ஒலி பயணிப்பதில்லை. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு வேகமாக, எப்போது விடப்பட்டது என்ற செய்தி மட்டுமே செல்கிறது. சுரங்களுக்கு 0 முதல் 127 வரை எண்கள். நடு ஸ்தாயி ஸட்ஜத்துக்கு 60 என்று வைத்துக்கொண்டால் சுத்த ரிஷபம் 61. அறுபதுக்கும் அறுபத்தொன்றுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று கேட்டால், பியானோவைக் கண்முன் வைத்து எழுதப்பட்ட அந்த இலக்கணம் சற்றுத் திணறுகிறது. தோடியின் காந்தாரமோ ரிஷபத்தின் அருகிலிருந்து மத்திமத்தை நோக்கி ஊசலாடும் அசைவில்தான் உயிர்வாழ்கிறது. அதை ஒரு கட்டையில் நிறுத்திவிட்டால் சுரம் இருக்கும், தோடி இருக்காது.

இந்த வழக்கு மிடியோடு தொடங்கியதல்ல. ஆர்மோனியத்தால் கமகத்தைத் தர இயலாது என்ற குற்றச்சாட்டின் பேரில் 1940-ல் அகில இந்திய வானொலி அதைத் தடை செய்தது. 1971-ல்தான் அந்தத் தடை தளர்ந்தது. நாடக மேடைகளில் ஆர்மோனியம் கோலோச்சிய தமிழ்நாட்டில், வானொலி நிலைய வாசலில் அதே கருவி நிறுத்தப்பட்டது நம் இசை வரலாற்றின் வினோதங்களில் ஒன்று. தடை அதீதம் என்பதே என் எண்ணம். ஆனால் அதன் பின்னிருந்த காது பொய் சொல்லவில்லை.

தமிழ்த் திரையிசையில் கணினியின் வருகைக்கு அடையாளமாகப் பலரும் சுட்டுவது இளையராஜாவின் 'புன்னகை மன்னன்' (1986). பின்னர் 1992-ல் வந்த 'ரோஜா'வுக்குப் பிறகு மிடி என்பது சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களின் அன்றாடமாயிற்று. வயலின்காரர்கள் வரிசையாக அமர்ந்த கூடங்களில் ஆட்கள் குறைந்தார்கள். எஞ்சிய விசைப்பலகைக் கலைஞர்கள், வலக்கை கட்டையை அழுத்த, இடக்கையால் பக்கவாட்டுச் சக்கரத்தையோ நெம்புகோலையோ அசைத்துக் கமகத்தை வரவழைத்தார்கள். கே. சத்தியநாராயணன் இந்த வழியில் கர்நாடகக் கச்சேரியையே விசைப்பலகையில் நிகழ்த்திக் காட்டினார். எனினும் அந்தச் சக்கரம் ஓர் அலைவரிசை முழுவதையும் சேர்த்தே வளைக்கும். அதில் ஒலிக்கும் இரண்டு சுரங்களில் ஒன்று அசைய மற்றது நிற்க வழியில்லை.

இங்கேதான் ஏ.ஆர். ரஹ்மான் கையில் எடுத்த 'கன்டினுவம்' என்ற கருவி வருகிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த லிப்போல்ட் ஹேக்கன் உருவாக்கியது. கட்டைகளே கிடையாது; சிவந்த துணிப்பரப்பு ஒன்று, அதனடியில் காந்தங்கள் பொருத்திய மெல்லிய தண்டுகள். விரல் இடவலமாக நகர்ந்தால் சுருதி மாறும், அழுந்தினால் ஒலி பெருகும், முன்பின்னாகச் சென்றால் ஒலியின் நிறம் மாறும். 'டெல்லி-6' (2009) படத்தின் 'ரெஹ்னா தூ' பாடலின் இறுதியில் குழைந்து செல்வது இதுதான். தொடக்க வடிவங்களுக்குச் சொந்தக் குரல் இல்லை. மிடி வழியே வேறொரு ஒலியாக்கியையோ கணினி மென்பொருளையோ பாடவைக்க வேண்டும்.

பாடவைப்பது எளிதன்று. தந்திரம் இது: ஒவ்வொரு விரலுக்கும் தனி அலைவரிசை ஒதுக்குவது. மிடியில் இருப்பவை பதினாறு. பத்து விரலுக்கு அது போதும். அடுத்து, வளைவின் எல்லை. வழக்கமாக மென்பொருள் இரண்டு அரைச்சுரம் மேலும் கீழும் மட்டுமே வளையும். கருவியை 48 அரைச்சுரத்துக்கு அமைத்து மென்பொருளை இரண்டிலேயே விட்டுவிட்டால், விரல் ஓர் அரைச்சுரம் நகரும்போது ஒலி அதில் இருபத்துநான்கில் ஒரு பங்குதான் நகரும். வாசிப்பவர் ஜாரு போடுகிறார். பெட்டி அசையாமல் நிற்கிறது! இரு பக்கமும் 48 என்று ஒப்புக்கொண்டால், வளைவுக்குரிய 16,384 படிகள் 96 அரைச்சுரங்களுக்குப் பகிரப்பட்டு, அரைச்சுரத்துக்கு ஏறத்தாழ 170 படிகள் கிடைக்கும். காதுக்கு அது போதுமான நுண்மை. ஆனால் பழைய மிடிக் கம்பியில் நொடிக்கு 3,125 பைட்டுகளே செல்லும். ஒரு விரலின் மூன்று அசைவுகளையும் முழுதாக அனுப்ப எட்டு பைட்டு. பத்து விரலுக்கு ஒரு சுற்று முடிய நொடியின் நாற்பதில் ஒரு பங்கு கழிந்துவிடும். விரைவான கமகத்தில் அந்தத் தாமதம் கேட்கும்.

மம்சாபுரத்துக்காரர்களுக்கு இதெல்லாம் எட்டாத பேச்சாகத் தோன்றலாம். ஆனால் அருகே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்துக்கு ஒலிக்கும் நாகசுரத்தைக் கேட்டு வளர்ந்த காதுதான், ஒலிபெருக்கியில் வரும் விசைப்பலகை நாகசுரத்தை முதல் நொடியிலேயே போலி என்று கண்டுகொள்கிறது. சீவாளியில் உதடும் மூச்சும் செய்யும் வேலையை 0 அல்லது 1 என்று பிரிக்க முடிவதில்லை. அந்தக் காதும் மறைந்துவிட்டால் இந்தக் கணக்குகளுக்கெல்லாம் நியாயம் கேட்பவர் இருக்கமாட்டார்.

விரலுக்கொரு அலைவரிசை என்ற முறையை மிடி உற்பத்தியாளர் சங்கம் 2018-ல் தரமாகவே ஏற்றுக்கொண்டது. வளைவின் எல்லைக்கு இயல்பான அளவாக 48 அதில் இடம்பெற்றது. 2020-ல் அறிவிக்கப்பட்ட இரண்டாம் மிடி, ஒரே அலைவரிசைக்குள் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்க இடம் தருகிறது. பழைய மென்பொருளை வைத்திருப்பவர்களோ அந்த 48-ஐ இன்றும் கையால்தான் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது.