கழுத்தினுள் ஓர் எஃகுக்கம்பி: நரம்புக் கருவிகளின் வளைவும் நிமிர்வும்

நரம்புக் கருவி எதுவாயினும் அது மரத்துக்கும் நரம்புக்கும் இடையே இடையறாது நிகழும் இழுபறியிற் பிறப்பதாகும். நரம்பு இழுக்கின்றது, மரம் தாங்குகின்றது. தாங்கும் மரம் சிறிது சோர்ந்தாலும் சுருதி பிறழும். இவ்விழுபறியை மனிதர் எவ்வெவ்வாறு எதிர்கொண்டனர் என்பது இசைக்கருவித் தொழில்நுட்ப வரலாற்றின் ஒரு முக்கிய கூறு எனலாம். கிற்றாரின் கழுத்தினுள் மறைந்து கிடக்கும், ‘ட்ரஸ் ரொட்’ எனப்படும் தாங்குகம்பி, அவ்வரலாற்றின் அண்மைக்கால அத்தியாயம். அதனை ஈண்டு நோக்குவோம்.

பழந்தமிழரின் யாழிலே வளைவு குறையன்று; அதுவே கருவியின் உருவம். குமிழ மரக்கொம்பை வளைத்து மரல் நாரைப் பூட்டி இடையன் இசைத்த வில்யாழைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகின்றது. வளைந்த கோட்டிலிருந்து நரம்புகள் வெளியிற் செல்வதால் விரல் அழுத்தும் பலகையோ மெட்டுகளோ அதற்கு வேண்டியதில்லை. ஒரு நரம்பை அழுத்திப் பல சுரங்களைப் பெறும் வீணையில் நிலைமை வேறு. அங்கு நரம்புக்கும் மெட்டுக்கும் உள்ள இடைவெளி பிறழாதிருத்தல் வேண்டும். தஞ்சை வீணைக் கலைஞர் இதற்குக் கண்ட வழி மெழுகுச் சட்டமாகும். இருபத்துநான்கு மெட்டுகளையும் மெழுகிற் பதித்து, காலப்போக்கில் அவை நிலை பிறழ்ந்தால் மீண்டும் மேளம் கட்டுவர். மரத்தின் போக்கிற்கேற்ப மெட்டுகளை மாற்றியமைப்பது அவர்தம் நெறி.

மேலைநாட்டார் கண்ட நெறி இதற்கு மறுதலையானது. மெட்டுகளை அசையாது பதித்துவிட்டு, அவற்றைத் தாங்கும் கழுத்தைத் திருத்துவது. ஆயினும் இந்நெறி தொடக்கத்திலேயே உருவாகிவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கிற்றார்களிற் பெரும்பாலும் விலங்குக் குடல் நரம்புகளே கட்டப்பட்டன. அவற்றின் இழுவிசை குறைவு. தடித்த மரக்கழுத்து அதனைத் தாங்கிற்று. எஃகு நரம்புகள் பரவியதும் நிலைமை மாறியது. இன்று வழங்கும் மெல்லிய எஃகு நரம்புத் தொகுதி ஒன்றே கழுத்தை ஏறத்தாழ 70 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையோடு இழுக்கின்றது. ஒரு வளர்ந்த மனிதர் இரவு பகலாய் அக்கழுத்திலே தொங்குவதற்கு இது ஒப்பாகும்.

இச்சிக்கலுக்கு விடை கண்டவர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் இயங்கிய கிப்சன் நிறுவனத்தின் பணியாளரான தடேயஸ் மக்ஹியூ ஆவார். கழுத்தினுள் எஃகுக்கம்பி ஒன்றைப் புதைத்து, அதன் ஒரு முனையைத் திருகி இறுக்கும் அமைப்புக்கு அவர் 1921இல் விண்ணப்பித்த காப்புரிமை 1923இல் வழங்கப்பட்டது. மற்றொரு பெருநிறுவனமான மார்ட்டின் இதனை உடனே பின்பற்றவில்லை. கழுத்தினுள் கருங்காலிச் சட்டத்தை வைத்துவந்த அந்நிறுவனம், 1934இல் அசையாத எஃகுச் சட்டத்துக்கு மாறியது. இரண்டாம் உலகப் போரின் உலோகத் தட்டுப்பாடு அதனை மீண்டும் கருங்காலியிடமே அனுப்பிற்று. திருகித் திருத்தக்கூடிய கம்பியை அது ஏற்றுக்கொண்டது 1985இலேயே. அசையாத வலிமையா, திருத்தத்தக்க சமநிலையா என்ற வினாவுக்கு விடை காண ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் சென்றன என்பது மனங்கொள்ளத்தக்கது.

கம்பியின் செயல் எளியது. நரம்புகள் கழுத்தை முன்னோக்கி வளைக்கின்றன. இறுக்கப்பட்ட கம்பி அதனைப் பின்னோக்கி நிமிர்த்துகின்றது. ஆனால் கழுத்து முற்றாக நேராதலும் பெரும்பாலும் விரும்பத்தக்கதன்று. அதிரும் நரம்பு நடுவிலே அகலமாக ஆடுவதால், அதற்கு இடம் தரும் மிகச் சிறு குழிவு வேண்டும். முதல் மெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து மெட்டிலும் நரம்பை அழுத்திப் பிடித்தால், நடுவே ஏழாம் மெட்டை ஒட்டி 0.1 முதல் 0.3 மில்லிமீற்றர் வரை இடைவெளி தெரிதல் போதுமானது. இடைவெளி மிகுந்தால் கம்பியை வலஞ்சுழியாக இறுக்குதலும், இல்லாதொழிந்து நரம்பு மெட்டிற்பட்டு இரைந்தால் இடஞ்சுழியாகத் தளர்த்துதலும் வழக்கம். ஒரு முறைக்குக் காற்சுற்றுக்கு மேற் போகலாகாது. திருப்பிய பின் சுருதி கூட்டி மீண்டும் அளக்க வேண்டும். திருகு அசைய மறுத்தால் அங்கேயே நிறுத்திவிடுதல் அறிவுடைமை. கம்பி முறிந்தால் விரற்பலகையையே பெயர்க்க நேரும். நைலோன் நரம்பு பூட்டிய செவ்வியற் கிற்றார்கள் பலவற்றில் இக்கம்பியே இல்லை என்பதையும் அறிந்திருத்தல் நன்று.

இவ்வறிவு வவுனியா போன்ற இடத்திற்குச் சிறப்பாக வேண்டப்படுகின்றது. வன்னிப் பெருநிலம் உலர்வலயத்தைச் சேர்ந்தது. ஐப்பசியிலிருந்து வடகீழ்ப் பருவமழை நிலத்தை நனைக்கும். வைகாசியிலிருந்து சோளகம் அதனை உலர்த்தும். பாலையும் முதிரையும் கருங்காலியும் வளரும் காட்டு நிலத்தார்க்கு, வெட்டிய மரமும் ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்கும் என்பது புதிய செய்தியன்று. மாரியில் இறுகும் கதவு கோடையில் இலகுவாகத் திறப்பதை வீடுதோறும் காண்கிறோம். கிற்றாருக்கும் அதுவே விதி. மாரியில் அதன் முகப்பலகை ஈரமுண்டு புடைக்க, குதிரை உயர, நரம்புகளும் மெட்டுகளை விட்டு எழும். கோடையில் அது தாழும். இவ்வாறு முகப்பலகையால் விளையும் உயர்வைக் கழுத்துக் கம்பியைத் திருகித் தீர்க்க முனைவது நோய் ஓரிடத்திருக்க மருந்தை வேறிடத்தில் இடுவதாகும். ஆகவே முதலிற் கழுத்தின் குழிவை அளந்து, அதன் பின்னரே சாவியைக் கையிலெடுத்தல் வேண்டும். அளந்தறியாதவர் கையில் நல்ல கருவியும் ‘கழுத்து வளைந்தது’ என்ற பெயருடன் மூலையை அடையும்.

இத்துணைச் சிறிய செய்தியைத் தமிழிற் கட்டுரையாக்குவது ஏன் என வினவலாம். விடையை யாழின் வரலாறு தருகின்றது. கோடு, பத்தர், திவவு, மாடகம் என அதன் உறுப்புப் பெயர்கள் நமக்கு எஞ்சின, கருவி எஞ்சவில்லை. நரம்பின் இழுவிசையை அக்கோடு எவ்வாறு தாங்கிற்று, பாணன் அதனை எவ்வாறு செப்பனிட்டான் என்பன அவன் கையோடு மறைந்தன. காரைதீவிற் பிறந்து, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான சுவாமி விபுலாநந்தர், இலக்கியச் சொற்களையும் உரைகளையும் கணிதத்தையும் கொண்டு அக்கருவியை மீட்க முயன்றதன் பயனே 1947இல் அரங்கேறிய ‘யாழ் நூல்’. அவர் பட்ட பேருழைப்பில் ஒரு பகுதியேனும், பண்டைத் தொழிலாளரின் நுட்பம் எழுத்தில் நில்லாமையால் நேர்ந்ததாகும்.

போர்த்துக்கேயர் 1505இல் இத்தீவில் இறங்கியதன் பின் மேலை நரம்புக் கருவிகள் இங்கே வேரூன்றின. மட்டக்களப்புப் பறங்கியர் வயலினும் கிற்றாரும் கொண்டு தம் ஆடலிசையைப் பேணிவந்துள்ளனர். இன்று கிற்றார் தமிழ்ப் பிள்ளைகள் கையிலும் தவழ்கின்றது. அதனை வாசிக்கக் கற்பிக்கும் நாம், அதனைக் காக்கவும் தமிழிற் கற்பித்தல் வேண்டும். கருவியைப் பேணும் நுட்பம் எழுத்திலும் வாழுமாயின், பிற்காலத்து ஆய்வாளர் எவரும் அதன் பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு அதனைத் தேடவேண்டிய நிலை நேராது.