தமிழில் கட்டற்ற இயங்குதளம்: கால் நூற்றாண்டு வரலாறு

2025 ஆகஸ்ட் 9ஆம் நாள் டெபியன் இயங்குதளத்தின் 13ஆம் பதிப்பு 'டிரிக்சி' என்ற பெயரோடு வெளிவந்தது. ஏறத்தாழ 70,000 மென்பொருள் தொகுப்புகள் அடங்கிய இப்பதிப்பை எவரும் விலையின்றிப் பெறலாம். படியெடுத்துப் பிறருக்கு வழங்கலாம். தேவைக்கேற்பத் திருத்தியும் கொள்ளலாம். எடை குறைந்த திரைமுகப்போடு நிறுவினால் 2 ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினியிலும் இது ஓடும். நிறுவத் தொடங்கும்போதே வரும் மொழிப்பட்டியலில் தமிழும் இருக்கிறது. அந்த இடம் தானாகக் கிடைத்ததன்று. ஊதியம் எதிர்பாராத பலரின் கால் நூற்றாண்டு உழைப்பு அதற்குப் பின்னால் உள்ளது. அவர்களை நன்றியோடு நினைவுகூர்ந்து, அந்த வரலாற்றைப் புதுக்கோட்டை மாவட்ட வாசகர்களுக்காக இக்கட்டுரை பதிவு செய்கிறது.

தோற்றுவாய்

மென்பொருளைப் பூட்டி வைத்து விற்பதே வழக்கமாகிவிட்ட காலத்தில், 1983 செப்டம்பர் 27 அன்று ரிச்சர்ட் ஸ்டால்மன் 'குனு' திட்டத்தை அறிவித்தார். யாரும் பயன்படுத்தவும், படித்து அறியவும், மாற்றவும், பகிரவும் உரிமை தரும் ஒரு முழு இயங்குதளத்தை உருவாக்குவதே அத்திட்டத்தின் நோக்கம். 1991 ஆகஸ்ட் 25 அன்று, பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதிவந்த கருநிரலைப் பற்றி உலகுக்குத் தெரிவித்தார். அதுவே லினக்ஸ். இவ்விரண்டையும் சேர்த்துத் தொகுத்து, தன்னார்வலர்களே நடத்தும் ஓர் இயங்குதளத்தை 1993 ஆகஸ்ட் 16 அன்று இயன் மர்டாக் தொடங்கினார். தம் பெயரையும் பின்னாளில் துணைவியான டெப்ராவின் பெயரையும் இணைத்து அதற்கு டெபியன் எனப் பெயரிட்டார். உபுண்டு, நம் நாட்டின் பாஸ் உள்படப் பல இயங்குதளங்கள் டெபியனிலிருந்து கிளைத்தவையே.

லினக்ஸ் பிறந்த அதே 1991இல் புதுக்கோட்டை மாவட்டம் வேறொரு பெரும்பணியில் இறங்கியிருந்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் தலைமையில், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துணையோடு, அறிவொளி இயக்கம் ஊர் ஊராகச் சென்றது. பகலெல்லாம் வயலிலும் கல்குவாரியிலும் உழைத்த பெண்கள் மாலையில் கரும்பலகை முன் அமர்ந்தனர். அவர்களுக்குக் கற்பித்த தொண்டர்கள் எவரும் கூலி பெறவில்லை. பல்லாயிரம் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டனர். அடுத்த ஆண்டே மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. தெரிந்தவர் தெரியாதவருக்குக் கைம்மாறு கருதாமல் சொல்லிக்கொடுப்பது என்னும் நெறியே அறிவொளிக்கும் கட்டற்ற மென்பொருளுக்கும் பொது. ஆகவே இந்த இயக்கம் நம் மண்ணுக்கு அயலானதன்று.

தொண்ணூறுகள்: எழுத்துருக் குழப்பமும் ஒழுங்கும்

கணினியில் தமிழ் அதற்கு முன்பே குடியேறிவிட்டது. கனடாவில் சீனிவாசன் 1984இல் 'ஆதமி'யையும், மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் 'முரசு'வையும் உருவாக்கினர். சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை இலவசமாக வழங்கினார். 1998 பொங்கலையொட்டி அவர் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை மின்வடிவில் ஏற்றத் தொடங்கியது. ஆயினும் ஆளுக்கோர் எழுத்துருவும் அச்சகத்துக்கொரு குறியீடுமாக இருந்ததால், ஒருவர் தட்டச்சு செய்ததை இன்னொருவர் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரிந்தன.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற 'தமிழ்நெட் 99' மாநாடு இக்குழப்பத்துக்கு ஒரு வரம்பு கட்டியது. தமிழ்99 விசைப்பலகையும், டாப், டாம் குறியீடுகளும் அங்கேதான் ஏற்கப்பட்டன. அதே காலத்தில் உலகெங்கும் இருந்த தமிழ் ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியே கூடி விவாதித்து டிஸ்கி குறியீட்டை வகுத்தனர். தமிழ் லினக்ஸுக்கு முதல் அடித்தளமாக அமைந்தது டிஸ்கியே.

இரண்டாயிரத்துப் பத்து வரை: தொண்டர்களின் காலம்

புத்தாயிரம் பிறந்த கையோடு 'தமிழ் லினக்ஸ்' குழு இயங்கத் தொடங்கியது. கனடாவிலிருந்து வெங்கட்ரமணன் போன்றோர் முன்னின்று, கேடீஈ திரைமுகப்பின் சொற்றொடர்களைத் தமிழாக்கினர். வேலை முடித்து வீடு திரும்பிய பின்னும், விடுமுறை நாள்களிலும் நடந்த பணி இது. கோப்பு, அடைவு, சாளரம், உலாவி என இன்று நாம் இயல்பாக வழங்கும் சொற்கள் பலவற்றுக்கு அன்று ஒவ்வொன்றாக விவாதம் நடந்தது.

மொழிபெயர்ப்பைவிடக் கடினமானது எழுத்தைத் திரையில் சரியாகக் காட்டுவது. யூனிகோட் முறையில் 'கொ' என்பது 'க' என்ற அகரமேறிய மெய்யும் அதற்குப் பின் வரும் ஓர் உயிர்க்குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது அந்த ஒற்றைக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை எழுத்தின் இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் நிறுத்த வேண்டும். இது தெரியாத நிரல் கொம்பை எழுத்துக்குப் பின்னே தள்ளிவிடும். அல்லது ஒரு புள்ளி வட்டத்தை இடையில் நுழைக்கும். பாங்கோ, கியூட்டி ஆகிய நிரலகங்களில் இந்தியமொழி எழுத்துவிதிகள் சேர்ந்த பிறகே லினக்ஸ் திரையில் தமிழ் ஒழுங்காக நின்றது.

சென்னைக் கவிகள் குழுவினர் 'ழ கணினி' என்ற பெயரில் தமிழ்த் திரைமுகப்பு கொண்ட லினக்ஸைக் கொண்டுவந்தனர். முகுந்தராஜ் உருவாக்கிய 'எ-கலப்பை' யூனிகோட் தட்டச்சை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. உபுண்டு தமிழாக்கத்தைத் தமிழகத்தில் ம. ஸ்ரீ ராமதாஸும், இலங்கையில் மு. மயூரனும் வளர்த்தனர். டெபியன், நோம் திரைமுகப்பு ஆகியவற்றின் தமிழாக்கத்தில் மருத்துவர் தி. வாசுதேவன் அளித்த உழைப்பு தனியே குறிப்பிடத்தக்கது. மருத்துவத் தொழிலுக்கு இடையே கணினிச் சொற்றொடர்களைத் தமிழாக்கி வந்தவர் அவர். 2005 ஏப்ரலில் நடுவண் அரசு தமிழ் எழுத்துருக்களும் தமிழ் ஓப்பன் ஆபீஸும் அடங்கிய இலவசக் குறுந்தகட்டைச் சென்னையில் வெளியிட்டது.

அதே 2005இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்து ஏயு-கேபிசி ஆய்வு மையத்திலும் சென்னை சி-டாக் நிறுவனத்திலும் அமைந்தது. பேராசிரியர் சி.என். கிருஷ்ணன் அதன் முன்னோடிகளுள் ஒருவர். அம்முயற்சியின் விளைவாக 2007 சனவரியில் 'பாஸ்' இயங்குதளத்தின் முதல் பதிப்பு வெளிவந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளோடு, தமிழ் மண்ணிலேயே தொகுக்கப்பட்ட இயங்குதளம் என்ற பெருமை அதற்கு உண்டு. பள்ளிகளுக்கென 'எடுபாஸ்' என்ற தனி வடிவமும் பின்னர் வந்தது.

அரசுத்துறையிலும் அக்காலத்தில் ஒரு துணிவான முயற்சி நடந்தது. எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., அந்நிறுவனத்தையே சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றிக் காட்டினார். மாநிலப் பாடத்திட்டத்தில் மேல்நிலை மாணவர்கள் ஸ்டார் ஆபீஸ் கற்றதும் இதே பத்தாண்டில்தான். பழகிய திரை மாறியதால் முதலில் தயங்கியவர்கள் உண்டு. ஆயினும் பயிற்சியும் பொறுமையும் அத்தயக்கத்தைக் கடக்கத் துணைநின்றன.

இரண்டாயிரத்துப் பத்துகள்: பள்ளிக்கும் வீட்டுக்கும்

2010 சூனில், கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டி, தமிழக அரசு யூனிகோடை அரசின் குறியீடாக ஏற்றது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்து வழங்கப்பட்டது. அறந்தாங்கியிலும் ஆலங்குடியிலும் பொன்னமராவதியிலும் அரசுப் பள்ளி மாணவர் கைகளுக்கு, வீட்டின் முதல் கணினியாக, ஒரு கட்டற்ற இயங்குதளம் வந்துசேர்ந்தது அப்போதுதான். 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிவுற்றபோது, பாஸ் லினக்ஸைப் பயன்படுத்துமாறு அரசுத் துறைகளுக்கு அறிவுறுத்தப்பட்டது.

கருவி இருந்தால் போதாது, தமிழில் நூலும் வேண்டும். அக்குறையை 2012 சனவரியில் த. சீனிவாசன் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் போக்கியது. நித்யா துரைசாமி எழுதிய 'எளிய தமிழில் குனு/லினக்ஸ்' உள்ளிட்ட நூல்கள் விலையின்றிக் கிடைத்தன. ஆங்கிலத்தில் தடுமாறிய மாணவருக்கு அவை வழித்துணையாயின. 2018இல் கணியம் அறக்கட்டளையாக வளர்ந்தது.

புதுக்கோட்டையில் கவிஞர் நா. முத்துநிலவனும் ஆசிரிய நண்பர்களும் கணினித் தமிழ்ச் சங்கத்தை வளர்த்தனர். யூனிகோட் தட்டச்சும் வலைப்பூ தொடங்குவதும் ஆசிரியர்களுக்குக் கற்பிக்கப்பட்டன. 2015 அக்டோபர் 11 அன்று புதுக்கோட்டை நகரில் நடைபெற்ற வலைப்பதிவர் திருவிழா அப்பணியின் மகுடம். தமிழ் இணையக் கல்விக்கழகமும் அதில் கைகோத்தது. சென்னையும் மதுரையும் நடத்திய விழாவை ஒரு சிறு நகரம் தன் ஆசிரியர்களின் உழைப்பால் நடத்திக் காட்டியது.

2018இல் வந்த புதிய பதினொன்றாம் வகுப்புப் பாடநூல்களில் உபுண்டுவும் ஓப்பன் ஆபீஸும் இடம்பெற்றன. 'தமிழும் கணினியும்' பற்றிய பாடமும் சேர்ந்தது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான் வந்தது. ஆர்வலர்கள் மாலை நேரத்தில் பேசிக்கொண்டிருந்தவை பொதுத்தேர்வுக்குரிய பாடமாயின.

எடைகுறைந்த வடிவங்கள்

எல்லாரிடமும் புதிய கணினி இருப்பதில்லை. இதை உணர்ந்த உலகத் தன்னார்வலர்கள் எளிய கணினிக்கென்றே தனி வடிவங்களைச் செய்தனர். 2003இல் ஆஸ்திரேலியாவின் பாரி காலர் 'பப்பி லினக்ஸ்' தந்தார். 2006இல் தைவானின் ஹாங் ஜென் யீ எல்எக்ஸ்டிஈ திரைமுகப்பைத் தொடங்கினார். அதன் வழித்தோன்றலே எல்எக்ஸ்கியூட்டி. லுபுண்டு 2011இல் உபுண்டுவின் அதிகாரப்பூர்வ வடிவங்களுள் ஒன்றானது.

இவற்றின் அருமை இன்று கூடியிருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று நிறைவுற்றது. விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி நினைவகமும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் கேட்கிறது. அவை இல்லாத கணினிகளைக் குப்பைக்கு அனுப்பத் தேவையில்லை என்பதே டெபியன் 13 தரும் விடை. மூன்றாண்டு முழு ஆதரவும், அதன்பின் ஈராண்டு நீண்டகால ஆதரவும் அதற்கு உண்டு. மிகப் பழைய 32 பிட் கணினிகளுக்கு டெபியன் 12 இருக்கிறது. அதன் நீண்டகால ஆதரவு 2028 சூன் வரை தொடரும்.

நிறுவும் முறையும் எளிது. பென் டிரைவில் எழுதிய டெபியனைக் கொண்டு கணினியைத் தொடங்கியதும் வரும் பட்டியலில் முதல் வரியான வரைகலை நிறுவலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எழுத்துமுறை நிறுவலில் தமிழ் வாராது. அடுத்த திரையில் மொழிகளின் நீண்ட வரிசை. அதில் 'தமிழ்' என்பதைச் சுட்டித் தொடர்ந்தால், அடுத்து வரும் நாடு, விசைப்பலகை, கடவுச்சொல் வினாக்கள் தமிழில் வரும். வட்டைப் பிரிக்கும் கட்டத்தில் மட்டும் நிதானம் தேவை. பழைய கோப்புகளை முன்னதாகப் படியெடுத்து வைத்துக்கொள்வது நன்று. இறுதியில் திரைமுகப்பைக் கேட்கும் இடத்தில் முன்பே குறிக்கப்பட்டிருக்கும் நோமை நீக்கி, எல்எக்ஸ்கியூட்டி அல்லது எக்ஸ்எஃப்சிஈயைக் குறித்தால் எடைகுறைந்த இயங்குதளம் தயாராகிவிடும்.

வாசகருக்கு

மின்னஞ்சல் குழுவில் தொடங்கிய பணி மாநிலப் பாடநூல் வரை வந்திருக்கிறது. தன் வீட்டுக்கணினியில் நள்ளிரவு வரை ஒரு வரியைத் தமிழாக்கியவரும், தன் வகுப்பறையில் ஒரு மாணவிக்குத் தமிழ்99 கற்பித்தவரும் இவ்வரலாற்றின் சம பங்காளிகள். டெபியனின் மொழிபெயர்ப்பு வாயில் இன்றும் எவருக்கும் திறந்தே உள்ளது. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை உலகெங்கும் மென்பொருள் விடுதலை நாள் கொண்டாடப்படுகிறது. அந்நாளில் தம் பள்ளியிலோ நூலகத்திலோ வீட்டிலோ ஓய்ந்து கிடக்கும் ஒரு கணினியில் டெபியனை நிறுவி, அதைத் தமிழில் இயக்க ஒருவருக்குக் கற்றுக்கொடுக்குமாறு மாவட்டத்து ஆசிரியர்களையும் மாணவர்களையும் வேண்டுகிறோம்.