மைக்குள் தெரிந்த மனிதர்

வெற்றிலையில் மை தடவி, சிறுவனொருவனை உட்காரவைத்து, களவுபோன நகையைக் கண்டு சொல்லச் செய்யும் வழக்கம் நம் நாட்டார்க்குப் புதிதன்று. "சூதறியாப் பிள்ளை பொய் சொல்லுமா?" என்பர் நம்புவோர். இந்த வாதத்தின் முன் படித்த ஐரோப்பியரும் மயங்கினர்.

எகிப்தியர் வாழ்க்கைமுறை பற்றி ஆங்கில அறிஞர் எட்வர்டு லேன் 1836-இல் வெளியிட்ட நூலைப் பாருங்கள். கெய்ரோ நகரத் தெருவோடு போன எட்டு ஒன்பது வயதுச் சிறுவனை அழைத்து வந்தனர். உள்ளங்கையில் கட்டம் வரைந்து, நடுவே மையை ஊற்றி, தூபம் புகைய, தலை நிமிராதே எனப் பணித்தான் மந்திரவாதி. ஏதேனும் தெரிகிறதா என்றதற்குச் சிறுவனின் முதல் விடை, "இல்லை". சற்று நேரத்தில் நடுங்கிக்கொண்டே, ஒருவன் தரையைப் பெருக்குவதாகக் கூறினான். "கொடி கொண்டுவரச் சொல்! வந்ததா? என்ன நிறம்?" எனக் கேள்விகள் தொடர்ந்தன. கொடி வரும் என்று சொன்னவன் யார்? மந்திரவாதியன்றோ! நிறம் மட்டுமே சிறுவனுக்கு மிச்சம்.

அடுத்து, கடற்படைத் தலைவர் நெல்சனை அழைக்கச் சொன்னார் லேன். ஐரோப்பிய உடையில் ஒருவர் தெரிகிறார், இடக்கை இல்லை என்றான் பிள்ளை. நெல்சன் இழந்ததோ வலக்கை! உருவங்கள் நேரிற்போல் தெரியுமா, கண்ணாடியிற்போல் இடவலம் மாறித் தெரியுமா என்று லேனே வினவினார். கண்ணாடியிற்போல் என்றான் மந்திரவாதி. தப்பும் வழியைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்தவர் சோதிக்க வந்தவரே! அங்கிருந்த மொழிபெயர்ப்பாளர் உஸ்மான் மறைந்தபின் மந்திரவாதியின் வெற்றியும் மங்கியது. உஸ்மானின் தூண்டுதலே காரணமாகலாம் எனப் பின்னாளில் லேனும் எழுதினார். கிங்லேக் என்ற பயணி, பிரம்படிக்குப் பேர்போன ஈட்டன் பள்ளித் தலைமையாசிரியரை அழைக்கச் சொன்னபோது, மையில் தோன்றியவள் பொன்னிறக் கூந்தல் நங்கை!

பள்ளியில் பிள்ளைகளோடு பழகும் நாம் அறிவோம், பெரியவர் முகத்தைப் பார்த்தே விடை தேடும் அவர்தம் கண்களை. புகையும் அச்சமும் சூழ, பளபளக்கும் கருமையை உற்று நோக்கும் பிஞ்சு உள்ளம், கேட்டதைக் கண்டதாகவே எண்ணிவிடும். பொய்யுரைப்பது பிள்ளையன்று.

"இல்லை" என்ற விடையை மாற்றிக்கொள்ளாத சிறுவனும் வரலாற்றில் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், சால்சுபரி ஜானுக்கு வேதப் பாட்டுக் கற்பித்த பாதிரியார், அவனையும் மூத்த மாணவன் ஒருவனையும் இவ்வேலைக்கு அமர்த்தினார். கல்வி தர வேண்டியவர் செய்த காரியம் இது! நகங்களில் திருத்தைலம் பூசி, துலக்கிய கிண்ணத்தைக் காட்டி, என்ன தெரிகிறது என்றார். மூத்தவன் மங்கலான உருவங்கள் தெரிவதாகச் சொன்னான். ஜானின் கண்ணுக்கு நகமும் கிண்ணமுமே தெரிந்தன. இவன் இதற்கு உதவான் என ஒதுக்கிவிட்டனர். வளர்ந்து பேரறிஞரான அவரே 1159-இல் முடித்த நூலில் இதை எழுதிவைத்தார்.