ஏழு நாள் முகாமும் கடலோரமும்: கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் மாணவர் தொண்டு

கல்லூரி மாணவர் தொண்டின் வரலாற்றை எழுதுவோர் 1969 செப்டம்பர் 24-இல் தொடங்குவது வழக்கம். அன்று மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். கடலூர், சிதம்பரம் பகுதிக்கு இந்தத் தொடக்கம் போதாது. வடலூர் தருமச்சாலை 1867 முதல் பசித்தவருக்குச் சோறு போட்டு வருகிறது. சிதம்பரத்தில் 1916-இல் சுவாமி சகஜானந்தர் தொடங்கிய நந்தனார் கல்விப் பணி, தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்காக அதே சமூகத்தில் பிறந்தவர் எடுத்த முயற்சி. அங்கே தொண்டு செய்தவரும் அதைப் பெற்றவரும் ஒரே சமூகத்தார். அரசுத் திட்டமோ வேறு எண்ணத்தில் பிறந்தது: படித்த இளைஞன் ஒருவன் வெளியிலிருந்து கிராமத்துக்குப் போவான், பார்ப்பான், உதவுவான், திரும்புவான். இந்த எண்ணம் இவ்வட்டாரத்தில் எப்படி வந்து சேர்ந்தது, எங்கே உடைந்தது என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

சுதந்திரத்துக்குப் பின் இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு, மாணவர்கள் தாமாக முன்வந்து செய்யும் தேசிய சேவையைப் பரிந்துரைத்தது. 1959-இல் அமைக்கப்பட்ட சி.டி. தேஷ்முக் குழு ஒரு படி மேலே போய், பள்ளி முடித்தவர்கள் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாயமாகச் சேவை செய்ய வேண்டும் என்றது. செலவையும் நிர்வாகச் சுமையையும் கண்டு அதை யாரும் கையில் எடுக்கவில்லை. பிற நாடுகளின் அனுபவத்தை ஆராய்ந்த கே.ஜி. சையிதைன், விருப்ப அடிப்படையே போதும் என்றார். கோத்தாரிக் குழுவும் சமூக சேவையைக் கல்வியின் எல்லாப் படிகளிலும் இணைக்கச் சொன்னது. பல ஆண்டுக் கால விவாதம் கோப்புகளில்தான் கிடந்தது. அதை வெளியே இழுத்து வந்தவை சீனப் போரும் மொழிப் போரும்.

1962 போருக்குப் பின் தேசிய மாணவர் படை கல்லூரிகளில் கட்டாயமாக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில் தமிழ்நாட்டு மாணவர்கள் இந்தி எதிர்ப்பில் தெருவில் நின்றார்கள். 1965 ஜனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் சிதம்பரத்தில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். 1968 ஜனவரியில் அண்ணா அரசு சட்டமன்றத்தில் நிறைவேற்றிய தீர்மானம் மும்மொழித் திட்டத்தைக் கைவிட்டதோடு, மாணவர் படையில் இந்திக் கட்டளைச் சொற்களையும் ஏற்க மறுத்தது. இடையில் 1967-இல் கூடிய கல்வி அமைச்சர்கள் மாநாடு, மாணவர் படைக்கு மாற்றாகச் சமூகப் பணியையும் விளையாட்டையும் முன்வைத்தது. நாட்டு நலப்பணித் திட்டத்தைக் காந்தி நூற்றாண்டின் பரிசாக மட்டும் காட்டும் வரலாறுகள் இந்தப் பின்னணியைத் தாண்டிப் போய்விடுகின்றன. மாணவர்களின் ஆற்றல் மறியலாக மாறிவிடாமல் மண்வெட்டியாக மாற வேண்டும் என்ற கவலை அன்றைய ஆட்சியாளர்களுக்கு இருந்தது என்றே நான் கருதுகிறேன். சிதம்பரத்தைப் போல அந்தக் கவலைக்குக் காரணமான ஊர்கள் குறைவு.

திட்டத்தின் கணக்கு எளிமையானது. ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டில் 240 மணி. தத்தெடுத்த கிராமத்தில் ஒரு சிறப்பு முகாம். 1970-களில் முகாம்களுக்குத் தலைப்புகள் மேலிருந்து வந்தன: பஞ்சத்தை எதிர்த்து, அழுக்கையும் நோயையும் எதிர்த்து, காடு வளர்ப்புக்காக. பத்து நாளாக இருந்த முகாம் பின்னர் ஏழு நாளாகக் குறைந்தது. ஐம்பது மாணவர்கள் ஊர்ப் பள்ளியிலோ சமுதாயக் கூடத்திலோ தங்குவார்கள். காலையில் குளம் தூர்வாருதல், கோயிலில் உழவாரப்பணி; மாலையில் கண் சிகிச்சை முகாம், கலைநிகழ்ச்சி. ஒரு மாணவருக்கு முகாம் முழுவதற்கும் 450 ரூபாய் என்பது பல ஆண்டுகள் நீடித்த விகிதம். நாளொன்றுக்கு 64 ரூபாயில் மூன்று வேளைச் சாப்பாடும் மற்றச் செலவுகளும். மீதியைத் திட்ட அலுவலரின் சட்டைப்பையும் ஊர்த்தலைவரின் அரிசி மூட்டையும் ஈடுகட்டின என்பது அந்த வேலை பார்த்த ஆசிரியர் எவருக்கும் தெரியும்.

சிதம்பரத்திலும் கடலூரிலும் இது வேறு வேறு பொருள் கொண்டது. 1929-இல் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய பல்கலைக்கழகம் விடுதிகளை மையமாகக் கொண்டது. பல மாவட்டங்களிலிருந்து வந்து தங்கிப் படித்தவர்களுக்குச் சுற்றுப்புறக் கிராமம் அந்நியமானது. அங்கே திட்டத்தின் கற்பனை பொருந்தியது. வேளாண் புல மாணவர்கள் உழவர்களோடு பழகும் ஊரகப் பணி அனுபவப் பயிற்சிக்கும் அதே அமைப்புதான். கடலூர் பெரியார் கலைக் கல்லூரியின் நிலை இதற்கு நேர்மாறு. அது தேவனாம்பட்டினத்தில், கடலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் காலையில் பேருந்து ஏறி வந்து மாலையில் வீடு திரும்பும் சுற்றுவட்டாரப் பிள்ளைகள். எந்த ஊரைத் தத்தெடுத்தாலும் அதில் யாராவது ஒரு மாணவரின் அத்தை வீடு இருக்கும்.

2004 டிசம்பர் 26 இந்த வேறுபாட்டை வெளிச்சமாக்கியது. சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தமிழ்நாட்டில் அதிகம் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் இதுவும் ஒன்று. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனங்குப்பம், கிள்ளை அருகே எம்.ஜி.ஆர். திட்டு எல்லாம் அடிபட்டன. உதவ வந்தவர் கூட்டத்துக்குக் குறைவில்லை. லாரியில் வந்த பழைய துணிகள் சாலையோரத்தில் கேட்பாரற்றுக் குவிந்தன. மீனவர்களுக்குத் தேவைப்பட்டவை படகும் வலையும். நிவாரணம் மீனவப் பஞ்சாயத்துகள் வழியே போனபோது, அவற்றின் பட்டியலில் இடமில்லாத இருளர்களும் தலித்துகளும் பல இடங்களில் விடுபட்டதைப் பின்னர் வந்த ஆய்வுகள் பதிவு செய்தன. யார் விடுபட்டார் என்பதை ஏழு நாள் முகாமில் வந்து போகிறவர் கண்டுபிடிக்க முடியாது; அந்தத் தெருவில் பிறந்த மாணவருக்கு அது கேட்காமலே தெரியும். அந்த அறிவைப் பயன்படுத்தும் வழி திட்டக் கையேட்டில் இல்லை.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தன் பங்குக்கு வேறொன்று செய்தது. பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் உயராய்வு மையத்தின் கதிரேசனும் அவருடைய சகாவும் 18 கடலோரக் குடியிருப்புகளை ஆராய்ந்து, பிச்சாவரம் அலையாத்திக் காடு உயிரிழப்பைக் குறைத்தது என்று 2005-இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டே வெளிநாட்டு ஆய்வாளர்கள் அதே தரவுகளை மீண்டும் கணக்கிட்டு, கடலிலிருந்து இருந்த தூரமும் நிலத்தின் உயரமுமே பெரிதும் காரணம், காட்டின் பங்கு சிறிது என்றார்கள். அந்த மறுப்பு ஆய்விதழைத் தாண்டவில்லை; கடலோரத்தில் மரம் நட்டால் அலை அடங்கும் என்ற நம்பிக்கை மேடைகளில் நிலைத்தது. நடுவது நல்லதுதான். ஆனால் எங்கே, எந்த மண்ணில், எந்த நீரோட்டத்தில் என்று பார்க்காமல் நடுவது படம் எடுக்கவே உதவும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலேயே பிச்சாவரத்தில் கால்வாய் வெட்டி, ஓத நீரை உள்ளே விட்டுச் சிதைந்த காட்டை மீட்டது. அதற்கு ஏழு நாள் போதாது. ஊர் மக்களின் பொறுப்பில் பல ஆண்டு பராமரிப்பு வேண்டும்.

சுனாமியை ஒட்டிய காலத்தில் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையின் சுற்றுப்புற மக்கள் தாங்களே வாளி வடிவக் கருவியால் காற்றைப் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, வேதித் தொழிற்சாலைகளின் கழிவு வாயுக்களைப் பதிவு செய்தார்கள். இந்த மாவட்டத்தில் நான் அறிந்த மிகக் கறாரான சமூகப் பணி அதுவே. அதற்கு எந்த முகாமும் தேவைப்படவில்லை.

பிறகு பேரிடர்கள் வரிசையாக வந்தன. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் சாய்த்தது. 2015 நவம்பர் வெள்ளம் விசூர், பெரியகாட்டுப்பாளையம் ஊர்களைச் சூறையாடியது. இதற்குள் கல்லூரிப் பாடத்திட்டம் மாறியிருந்தது. நாட்டு நலப்பணி, மாணவர் படை, செஞ்சிலுவை, விளையாட்டு எல்லாம் பகுதி ஐந்தின் விரிவாக்கப் பணியாகி மதிப்புப் புள்ளி பெற்றன. மதிப்புப் புள்ளிக்காக வருகிறவர்களையும் மனமார வருகிறவர்களையும் ஒரே வருகைப் பதிவேட்டில் சேர்த்தது இந்த மாற்றம்.

2013-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அரசின் கைக்கு வந்தது. 2021-இல் அதுவரை திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த கடலூர்க் கல்லூரிகள் அண்ணாமலையோடு இணைக்கப்பட்டன. விடுதி மாணவர்களின் நலப்பணி அலகுகளும் பேருந்தில் வரும் மாணவர்களின் அலகுகளும் இப்போது ஒரே ஒருங்கிணைப்பின் கீழ் இருக்கின்றன. முகாமுக்குக் கிராமம் தேர்ந்தெடுக்கும்போது, அந்தக் கிராமத்திலிருந்தே வரும் மாணவர்களை முதலில் கேட்கும் வாய்ப்பு இந்த இணைப்பால் வந்திருக்கிறது. அதைக் கேட்பதற்கான கட்டம் இன்னும் முகாம் விண்ணப்பப் படிவத்தில் சேர்க்கப்பட வேண்டும்.