உலுரு: மாலா திரும்பிய மண்

உலுருவின் படத்தை நாம் பாடநூலிலோ நாட்காட்டியிலோ பார்த்திருப்போம். நடு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் 348 மீட்டர் உயரத்துக்குச் சிவந்து நிற்கும் பாறை. படத்தில் மனிதர் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த வெறுமை இயற்கையாக வந்ததல்ல.

1873இல் அங்கு வந்த வெள்ளை நில அளவையாளர் வில்லியம் காஸ், ஹென்றி ஏயர்ஸ் என்ற அரசியல்வாதியின் பெயரைப் பாறைக்குச் சூட்டினார். ஊருக்குப் பெயர் வைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது நமக்குத் தெரியாததா? பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கு வாழும் அனங்கு மக்களுக்கு அது உலுருதான்.

அவர்கள் புல்வெளியைச் சிறு சிறு திட்டுகளாக எரிப்பார்கள். எரிந்த இடத்தில் இளம்புல் தளிர்க்கும். எரியாத புதரில் பிராணிகள் பதுங்கும். பெருந்தீ பரவவும் வழியில்லை. இந்த ஏற்பாட்டில் வாழ்ந்ததுதான் மாலா, முயல் அளவேயான கங்காரு இனம். உலுருவின் படைப்புக் கதைகளில் மாலா மூதாதையரும் உண்டு.

குடியேறியவர்களோடு மாடு, முயல், நரி, பூனை எல்லாம் வந்தன. 1920இல் பழங்குடிகளுக்கென ஒதுக்கிய நிலத்திலிருந்து, 1958இல் உலுரு உள்ள பகுதியை வெட்டியெடுத்துச் சுற்றுலாவுக்காகத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அனங்குகள் அங்கே வருவதை அதிகாரிகள் விரும்பவில்லை. மக்கள் விலக, திட்டுத் தீயும் நின்றது. 1976இல் காட்டுத்தீ பூங்காவின் முக்கால் பங்கைத் தின்றது. மாலா அதற்கு முன்பே உலுருவிலிருந்து மறைந்துவிட்டது. கண்டத்தின் வேறொரு பாலைவனத்தில் எஞ்சியிருந்த கடைசிக் கூட்டமும் 1991இல் தீயில் அழிந்தது. அடைத்து வளர்த்தவை மட்டுமே பிழைத்தன.

1985 அக்டோபர் 26 அன்று நிலம் அனங்குகளுக்குத் திருப்பித் தரப்பட்டது. கையோடு 99 ஆண்டுக் குத்தகைக்கு அரசிடமே விட வேண்டும் என்பது நிபந்தனை. நம் படிப்பு வட்டத்தில் ஒரு மாணவி கேட்டார்: "அப்படியானால் திருப்பிக் கொடுத்தது எதை?" புனிதப் பாறையில் ஏறுவதைத் தடுப்போம் என்று பிரதமர் பாப் ஹாக் கொடுத்த வாக்கும் காற்றில் போனது. தடை வர 2019 ஆயிற்று.

ஆனாலும் நிர்வாகக் குழுவில் பெரும்பான்மை அனங்குகளுடையது. திட்டுத் தீ திரும்பியது. எந்தப் பிராணியை முதலில் கொண்டுவரலாம் என்று கேட்டபோது மூத்தவர்கள் மாலாவையே சொன்னார்கள். 2005இல் 170 ஹெக்டேர் வேலிக்குள் மாலாக்கள் விடப்பட்டன. வேலிக்கு வெளியே நரியும் பூனையும் இன்னும் இருக்கின்றன.