சிறு கருவியும் பெருங் கலையும்

தைப்பொங்கல் நாளின் மாலைப் பொழுதில் வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையிலே ஓர் அரிய காட்சியைக் காணலாம். மூங்கிற் கீற்றும் தாளும் நூலுமாகிய எளிய பொருள்களைக் கொண்டு இளைஞர்கள் சமைத்த பட்டங்கள் கடற்காற்றில் ஏறுகின்றன. எவருடைய பட்டம் சிறந்தது என்று தீர்ப்போர் ஒருபுறம். ஆர்ப்பரிக்கும் மக்கள் மறுபுறம். பல இரவு உறக்கம் துறந்து உழைத்தவனுக்குக் கிடைப்பது ஒரு பரிசும் ஊரவர் பாராட்டுமே. எனினும் அடுத்த ஆண்டில் அதனினும் அரிய பட்டத்தைக் கொணரவே அவன் உள்ளம் விழைகின்றது.

இதற்கு நிகரானதொரு கலை கணினி உலகிலும் உண்டு. டெமோ என்பது அதன் பெயர். செய்நிரல் ஒன்றை எழுதிக் கணினியை இயக்கினால், திரையில் உருவங்களும் நிறங்களும் இசைக்கு இயைந்து தோன்றி மறையும். அது விளையாட்டன்று, வாணிகப் பொருளுமன்று, சலனப்படத்தைப்போல முன்னரே பதிவுசெய்யப்பட்டதுமன்று. காண்போர் கண்முன்னே கணினி அந்தந்தக் கணத்திற் கணக்கிட்டு வரைவது. கருவியின் ஆற்றலை அதன் எல்லைவரை கொண்டுசென்று காட்டுவதே நோக்கம்.

இக்கலையின் பிறப்பு பெருமைக்குரியதன்று. 1982ஆம் ஆண்டில் கொமடோர் 64 என்னும் வீட்டுக் கணினி விற்பனைக்கு வந்தது. அதன் நினைவகம் 64 கிலோபைற்று மட்டுமே. அதற்கென ஆக்கிய விளையாட்டுக்களைப் பிறர் படியெடுக்காதவாறு கொம்பனிகள் பூட்டிட்டன. இளைஞர் சிலர் அப்பூட்டை உடைத்து, விளையாட்டுக்களைக் களவாகப் பரப்பினர். உடைத்தவர் இன்னார் என அறிவிக்கும்பொருட்டு, தம் புனைபெயரைச் சித்திரத்தோடும் இசையோடும் விளையாட்டின் முகப்பிற் பொறித்தனர். வட்டில் எஞ்சிய சிற்றிடத்திலேயே அம்முகப்பு அடங்கவேண்டியிருந்தது. நாளடைவில் விளையாட்டினும் முகப்பே பெரிதாகப் பேசப்பட்டது. பின்னர்ப் பலர் களவைக் கைவிட்டு முகப்பையே தனிக்கலையாக வளர்த்தனர். சேற்றிலே செந்தாமரை முளைத்தவாறு இது.

அவர்கள் திறத்துக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். கொமடோர் 64இன் திரையைச் சுற்றி ஒரு கரை உண்டு. அக்கரையில் உருவம் எதுவும் தோன்றாது என்பதே பொதுவிதி. ஆனால், திரையை வரையும் சில்லு குறித்தவொரு வரியை அடையும் கணத்தில் அதன் அமைப்பை மாற்றிவிட்டால், கரையை வரைய அது தவறிவிடும் என்று கண்டறிந்தனர். அதன்பின் கரையிலும் உருவங்கள் உலாவின.

1991 டிசம்பரில் டென்மார்க்கின் ஓர்ஸ் நகரிலும், 1992இல் நோர்வேயிலும் பின்லாந்திலும் பெரும் போட்டி விழாக்கள் தொடங்கின. இளைஞர் தத்தம் கணினியைச் சுமந்துவந்து ஒரே மண்டபத்திற் கூடினர். பெருந்திரையில் ஆக்கங்களைக் கண்டு, கூடியோரே வாக்களித்தனர். 1993இல் பின்லாந்தின் அசெம்பிளி விழாவில் பியூச்சர் குறூ என்னும் குழுவினரின் ‘செக்கண்ட் றியாலிற்றி’ முதலிடம் பெற்றது. அலுவலகக் கருவி என்று கருதப்பட்ட கணினியும் கலை பயிலவல்லது என்பதை அது நாட்டிற்று.

அதே 1993இல் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலை யாது? 1990இல் போர் மீண்டும் மூண்டபின் மின்சாரம் நின்றுபோயிருந்தது. மின்கலங்களுக்குத் தடை, மண்ணெண்ணெயோ அரும்பொருள். ஆயினும் வானொலி வாய்மூடவில்லை. துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, தைனமோவில் எழுந்த மின்னைக் கொண்டு மக்கள் செய்தி கேட்டனர். தைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். ஆதலால் ஓட்டத்தை ஒருவழிப்படுத்தும் இருவாயியை இடையே பொருத்தவேண்டும். பௌதிகவியற் பாடம் வீட்டு முற்றத்துக்கு வந்தது. ஜாம் போத்தலில் ஆக்கிய சிறுவிளக்கின் ஒளியில் மாணவர் பரீட்சைக்குப் படித்தனர்.

இவ்விரு கூட்டத்தாரும் குறைந்த பொருளால் நிறைந்த பயன் கண்டவரே. ஆனால் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. ஐரோப்பிய இளைஞர் எல்லையை விரும்பி ஏற்றனர். குடாநாட்டாருக்கு அது சுமத்தப்பட்டது. இல்லாமையைப் புகழ்தல் அறமன்று. இல்லாமைக்கு நடுவிலும் அணையாத அறிவையே புகழ்தல் தகும்.

கணினிகள் ஆற்றலில் வளர்ந்தபின்னும் டெமோக் கலைஞர் எல்லையைத் துறக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் ஜேர்மனியக் குழுவொன்று 64 கிலோபைற்றுக்குள் ஏறத்தாழப் பதினொரு நிமிடக் காட்சியை அடக்கியது. 2009இல் ‘எலிவேற்றட்’ என்னும் ஆக்கம், பனிமலைத் தொடரின்மேற் பறக்கும் காட்சியை இசையுடன் 4096 பைற்றுக்குள் அமைத்தது. மலையின் படம் அங்கே சேமிக்கப்படவில்லை. மலையை ஆக்கும் கணிதச் சூத்திரமே சேமிக்கப்பட்டது. ஆலம்வித்துள் ஆலமரம் அடங்குவது போன்றது அது.

களவின் நிழலிற் பிறந்த இக்கலையை 2020இல் பின்லாந்தும் 2021இல் ஜேர்மனியும் தத்தம் நாட்டுப் பண்பாட்டு மரபுப் பட்டியலிற் சேர்த்தன. வேறு நாடுகளும் பின்தொடர்ந்தன. பியூச்சர் குறூக் குழுவினரோ, 2013இல் தம் புகழ்பெற்ற ஆக்கத்தின் மூலநிரலை எவரும் கற்குமாறு வெளியிட்டனர். இருபது ஆண்டு காத்த இரகசியம் பொதுச்செல்வமாயிற்று.

குடாநாட்டுக்கு இதிற் பெறத்தக்க பாடம் ஒன்று உண்டு. பட்டத்தின் சூத்திரக் கயிற்றை அளந்து கட்டும் முறையும், அதன் விண் இசைக்கும் நுட்பமும், தைனமோவால் வானொலியைப் பேசவைத்த வழியும் பெரும்பாலும் கைகளிலும் நினைவுகளிலுமே தங்கியுள்ளன. கைகள் தளரும், நினைவுகள் மங்கும். முதியோரைக் கேட்டு அவற்றை எழுதிவைக்கும் பணியை ஒவ்வொரு பாடசாலையும் ஏற்றல் வேண்டும். அதற்குப் பெருங்கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் பென்சிலும் கேட்கும் செவியும் போதும்.