பறை எடுத்த பெண்கள்

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் பெண்பிள்ளைகளைப் பரதத்துக்கும் வீணைக்கும் அனுப்பும் வீடுகள் பல. பறை பழக அனுப்பிய வீடு ஒன்றையேனும் நான் கண்டதில்லை. பெண்ணிய அரங்கு பற்றிய இக்கட்டுரையில் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவை எடுத்துக்கொண்டது அதனாலேதான்.

அருட்சகோதரி சந்திரா 1990இல் தொடங்கிய குழு அது. படிப்பை இடையில் விட்ட தலித் இளம்பெண்கள் அங்கேயே தங்கிப் பறையும் ஒயிலும் கும்மியும் பழகுகிறார்கள், கூடவே தையலும். செத்தவீட்டில் பறையடிக்கும்படி சாதி பணித்தது ஆண்களை. பெண் அதைத் தொடும் வழக்கமே இல்லை. அவள் அதைத் தோளில் மாட்டி மேடையேறினால் சாதிக்கும் ஆணுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறாள்.

தமிழகப் பறை ஒருமுகக் கருவி; வட்டமான மரச்சட்டத்தில் மாட்டுத்தோலை இழுத்துப் போர்த்தது. தோல் தளர்ந்தால் ஒலி மழுங்கும். ஆகவே ஆட்டத்துக்கு முன் நெருப்பு மூட்டிக் காய்ச்சுவார்கள். இடக்கையில் நீண்டு மெலிந்த குச்சி, வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. அடித்தபடியே குனிந்து, சுழன்று, காலை அகட்டி அடவு வைக்க வேண்டும். காலை ஒடுக்கி நில், குரலைத் தாழ்த்து என்று சொல்லி வளர்த்த உடம்பு அது. வசனம் ஒன்றும் பேசாமலே அந்த வளர்ப்பை அது மறுத்துவிடுகிறது.

ஏறத்தாழ இதே வேலையை இலண்டனில் 'த ரெயின்கோட்ஸ்' செய்தது. ஆனா ட சில்வா, ஜீனா பேர்ச் என்ற இரு பெண்கள் கலைக்கல்லூரியில் படித்த காலத்தில், 1977இல், தொடங்கிய ரொக் இசைக்குழு அது. ஆனால் கிற்றாரில் தீட்டு ஒட்டியிருக்கவில்லை. சக்திப் பெண்கள் கையிலெடுத்தது ஊர் ஒதுக்கிவைத்த கருவி. அவர்களுடைய துணிச்சலே பெரிது என்பேன். அமெரிக்க இசையியலாளர் சோயி ஷெரினியன் இவர்களைப் பற்றி ஆவணப்படமே எடுத்திருக்கிறார்.

எங்கள் கிழக்கில் இதற்கு நிலம் பண்பட்டே இருக்கிறது. மட்டக்களப்புச் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் 1990களிலிருந்து பாட்டாலும் வீதி நாடகத்தாலும் பெண்களின் பாடுகளைப் பேசிவருகிறது. அங்கே பறைமேளம் இருமுகக் கருவி. பறைமேளக்கூத்து என்று தனி ஆட்டமரபே உண்டு. அதில் வல்ல மூத்த கலைஞர்களைத் திருமலைக்கு அழைத்து, உரிய ஊதியமும் மரியாதையும் கொடுத்து, எங்கள் பெண்பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டுமென்று இம்மலர்க் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.